மருந்துச்சீட்டின் முதல் வரி

மூன்று நாள் சளி, லேசான காய்ச்சல், நெஞ்சில் எந்தச் சத்தமும் இல்லை. குழந்தையின் பழைய சீட்டைத் தாய் நீட்டுகிறார். முதல் வரியில் அசித்ரோமைசின் சிரப். அடுத்த வரியில், வயிற்றுப்போக்கு வராமலிருக்க ஒரு புரோபயாடிக் சாஷே. நம்மில் பலர் எழுதியிருக்கும் சீட்டுதான் இது. முதல் வரி அழிப்பதை இரண்டாம் வரி ஈடுகட்டிவிடாது.

2011-ல் யேல் பல்கலைக்கழகத்தில் அகிகோ இவாசாகியின் குழு, ஆன்டிபயாடிக் கொடுத்த எலிகளுக்கு இன்ஃப்ளூயன்சாவைத் தொற்றவைத்தது. நுரையீரலில் இன்ஃப்ளமசோம் போதிய அளவு தூண்டப்படவில்லை, டென்ட்ரிடிக் செல்கள் நிணநீர்க் கணுக்களுக்குப் போவது குறைந்தது, டி செல், ஆன்டிபாடி எதிர்வினைகள் தளர்ந்தன, வைரஸ் பெருகியது. குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்களே நுரையீரலின் காவலையும் விழிப்பாக வைத்திருக்கின்றன.

புரோபயாடிக் கொடுத்தால் அந்தக் காவல் பலப்படுமா? 2022-ன் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின்படி, மேல் சுவாசத் தொற்றும் ஆன்டிபயாடிக் தேவையும் ஓரளவு குறைகின்றன. சான்றின் உறுதி குறைவு முதல் நடுத்தரம் வரைதான். அதுவும் தடுப்புக்கான சான்று. வந்துவிட்ட சளிக்கான சிகிச்சை அல்ல.

ஒடிசாவில் 4,556 பச்சிளங்குழந்தைகளிடம் நடந்து 2017-ல் வெளியான ஆய்வு நமக்குப் பெருமை. லாக்டோபசில்லஸ் பிளான்டாரத்தின் குறிப்பிட்ட ஒரு திரிபை நார்ச்சத்துடன் ஏழு நாள் கொடுத்ததில், செப்சிஸும் மரணமும் சேர்ந்த விகிதம் 9 சதவீதத்துக்குப் பதில் 5.4 சதவீதமாக இருந்தது. கீழ் சுவாசத் தொற்றும் குறைந்தது. ஆனால் அந்தப் பலன் அந்தத் திரிபுக்கும், அந்த அளவுக்கும், அந்த வயதுக்கும் உரியது. கடையில் கிடைக்கும் வேறொரு சாஷே அதற்கு உரிமை கொண்டாட முடியாது.

ஆகவே, எழுதினால் திரிபின் பெயர், அளவு, நாட்கள் மூன்றையும் எழுதுவோம். மத்திய சிரைக் குழாய் உள்ளவர்களுக்கும் நோய் எதிர்ப்பாற்றல் மிகக் குறைந்தவர்களுக்கும் தவிர்ப்போம். உயிருள்ள நுண்ணுயிர் ரத்தத்தில் கலந்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன.

"தயிர் கொடுக்கலாமா, டாக்டர்?" என்று அந்தத் தாய் கேட்பார். தாராளமாகக் கொடுக்கச் சொல்வோம். நல்ல உணவு அது. பிறகு, "இது வைரஸ் சளிம்மா, ஆன்டிபயாடிக் வேண்டாம். மூச்சு வேகமானாலோ, சாப்பிட மறுத்தாலோ உடனே கூட்டிட்டு வாங்க" என்று விளக்குவோம். நெரிசலான ஓ.பி.யில் இதற்கு இரண்டு நிமிடம் கூடுதலாகும். குழந்தையின் குடல் நுண்ணுயிர்களுக்கு நாம் தரும் முதல் பாதுகாப்பு அந்த இரண்டு நிமிடம்தான்.