மார்கழியில்தான் சூரியன் அருகில்

கத்திரி வெயில் பிறந்துவிட்டால், “சூரியன் தலைக்குப் பக்கத்தில் இறங்கி வந்துவிட்டது” என்று அலுத்துக்கொள்ளாதவர்கள் குறைவு. அலுப்பில் சொல்லும் சொல்லுக்குக் கணக்குக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் பூமி சூரியனை நெருங்கும்போது கோடை, விலகும்போது குளிர் என்று நன்கு படித்தவர்களும் உண்மையாகவே நம்புகிறார்கள். பூமியின் பாதையை முட்டையைப் போல நீட்டி வரையும் படங்களும் இந்த நம்பிக்கையை வளர்த்திருக்கின்றன. உண்மையில் அந்தப் பாதை ஏறக்குறைய வட்டம்தான்.

கணக்கைப் பார்த்தால் இந்த நம்பிக்கை உடனே உடைகிறது. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில். அப்போது தூரம் சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். மிகத் தள்ளிப் போவது ஜூலை முதல் வாரத்தில், சுமார் 15.2 கோடி கிலோமீட்டர். மார்கழிப் பனியில் போர்வைக்குள் சுருண்டு கிடக்கும்போதுதான் நாம் சூரியனுக்கு அருகில் இருக்கிறோம். அதே போர்வையோடு, டிசம்பர் 26 விடியற்காலையில் மெல்போர்ன் டெஸ்ட் பார்க்கிறவர்களுக்கு இன்னொரு சான்றும் கிடைக்கும்: அங்கே ஆட்டக்காரர்கள் வெயிலில் வியர்த்துக்கொண்டிருப்பார்கள். சூரியனிலிருந்து ஒரே தூரத்தில், ஒரே நாளில், ஒரு பக்கம் பனி, மறுபக்கம் கோடை. தூரம் காரணமென்றால் இது நடக்காது.

அப்படியென்றால் எது காரணம்? வெயில் விழும் கோணம். ஒரு கரண்டி மாவை எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பாமல் ஊற்றினால் தடித்த ஊத்தப்பம். இழுத்துத் தேய்த்தால் அகன்ற, மெல்லிய தோசை. மாவு அதேதான், ஓர் இடத்துக்குக் கிடைக்கும் பங்குதான் வேறு. நேர் உச்சியிலிருந்து விழும் வெயில் ஊத்தப்பம். சாய்ந்து விழும் வெயில் தோசை. சென்னையில் டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 53 டிகிரி உயரத்தில் நிற்கும். ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள கதிர் அன்று தரையில் ஒன்றேகால் சதுர மீட்டருக்குப் பரவுகிறது. அதே நாளில் லண்டனில் சூரியன் 15 டிகிரிக்கு மேல் ஏறுவதில்லை. அந்தக் கதிர் ஏறத்தாழ நான்கு சதுர மீட்டரில் நீர்த்துப்போகிறது. சாய்ந்து வரும் கதிர் அதிகக் காற்றைக் கடந்து வர வேண்டியிருப்பதால் மேலும் வலுவிழக்கிறது.

கோணம் ஏன் மாறுகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. இங்கே இரண்டாவது குழப்பம் தலைகாட்டும்: பூமி ஆறு மாதம் இந்தப் பக்கமும் ஆறு மாதம் அந்தப் பக்கமும் சாய்ந்தாடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது ஆடுவதில்லை. கூடத்தின் நடுவில் ஒரு குத்துவிளக்கு. அதைச் சுற்றி ஒருவர், எப்போதும் வடக்குச் சுவர்ப் பக்கமே சாய்ந்தபடி, நடக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்குக்குத் தெற்கே நிற்கும்போது அவர் தலை விளக்கை நோக்கியிருக்கும். வடக்கே வந்ததும் அதே சாய்வில் தலை விளக்கைவிட்டு விலகியிருக்கும். அவர் சாய்வை மாற்றவில்லை. நிற்கும் இடம்தான் மாறியது. பூமியின் அச்சும் அப்படித்தான், ஆண்டு முழுவதும் துருவ நட்சத்திரத்தின் பக்கமே காட்டிக்கொண்டு சூரியனைச் சுற்றுகிறது. ஜூனில் வடபாதி சூரியனை நோக்கியிருக்கிறது, டிசம்பரில் தென்பாதி. உத்தராயணம், தட்சிணாயனம் என்று நம் பெரியவர்கள் கணித்த வடசெலவும் தென்செலவும் இந்தச் சாய்வின் விளைவே.

சாய்வதால் ஒரு பாதி சூரியனுக்குக் கிட்டப் போகிறதே, அது சூடு தராதா என்று கேட்கலாம். பூமியின் விட்டமே 12,742 கிலோமீட்டர்தான். பதினைந்து கோடிக்கு முன்னால் அது ஒரு பொருட்டல்ல. சாய்வு மாற்றுவது இரண்டை: கோணத்தையும் பகலின் நீளத்தையும். சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். லண்டனில் ஏறத்தாழ ஒன்பது மணி நேரம். நமக்குக் குளிர்காலம் பேருக்கு வந்துபோவதும், அங்கே அது எலும்பைத் துளைப்பதும் இதனால்தான்.

ஒரு சந்தேகம் மிச்சமிருக்கும். சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஏப்ரல் 24 வாக்கில். கத்திரியோ மே முதல் வாரத்தில்தான் தொடங்குகிறது. 2003-ல் சென்னை 45 டிகிரி செல்சியஸைத் தொட்டது மே 31-ல். ஏன் இந்தத் தாமதம்? இரவு எட்டு மணிக்கு மொட்டை மாடித் தளத்தில் வெறுங்காலை வைத்தால் விடை தெரியும். நிலமும் நீரும் வாங்கிய சூட்டைச் சேர்த்து வைக்கின்றன. வரவு செலவைவிட அதிகமாக இருக்கும்வரை சூடு ஏறிக்கொண்டே போகும். நண்பகலைவிடப் பிற்பகல் இரண்டு மணி கொதிப்பதும் இதே கணக்கில்தான்.

ஆகஸ்ட் 18 வாக்கில் சூரியன் மறுபடியும் சென்னையின் உச்சிக்கு வருகிறது. ஆனால் இரண்டாவது கத்திரி வருவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றின் மேகமும் மாலை நேர இடிமழையும் அதைத் தடுக்கின்றன. சாய்வு வெயிலின் அளவை நிர்ணயிக்கிறது. அதில் எவ்வளவு தரைக்கு வந்து சேரும் என்பது மேகம், காற்று, கடல் ஆகியவற்றின் கையில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஓர் ஊரின் பருவம் புரியும்.

இதையெல்லாம் நம்பச் சொல்லவில்லை. சோதித்துப் பார்க்கச் சொல்கிறோம். ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளியிலும் முற்றமும் ஒரு குச்சியும் இருக்கும். குச்சியைச் செங்குத்தாக நட்டு, வாரம் ஒருநாள் நண்பகலில் நிழலின் நுனியைக் குறித்து வந்தால், ஆண்டு முடிவில் பூமியின் சாய்வு சிமெண்ட் தரையில் சுண்ணாம்புக் கோடாகக் கிடக்கும். ஆசிரியர்கள் இதைப் பாடத்தோடு சேர்க்க வேண்டும். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10, மதுரையில் 16, சென்னையில் 24 வாக்கில், பகல் பன்னிரண்டு மணிக்கும் பன்னிரண்டரைக்கும் இடையில் குச்சியின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். அன்று பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே கூட்டி வாருங்கள்.