கியர் போடாத கார் கண்ட நாடு

ஹாலந்து சின்னஞ்சிறு நாடு. கடலுக்கு அணை போட்டு, நிலத்தை மீட்டுக்கொண்ட நாடு. பாலுக்கும் பூவுக்கும் பெயர் போனது. அங்கே தெருவெங்கும் சைக்கிள்தான். அந்த நாடு சொந்தமாக மோட்டார் காரும் செய்தது. அந்தக் கதையில் பெருமை உண்டு, பாடமும் உண்டு.

தங்க வண்டி

ஆம்ஸ்டர்டாம் நகரில் ஸ்பைக்கர் சகோதரர்கள் இருவர் குதிரை வண்டி செய்து வந்தார்கள். 1898-ல் நகர மக்கள் தங்கள் ராணி வில்ஹெல்மினாவுக்கு ஒரு தங்க வண்டியைப் பரிசளித்தார்கள். அதைச் செய்தவர்கள் இவர்களே. பிறகு கார் செய்வதில் இறங்கினார்கள். 1903-ல் ஆறு சிலிண்டர் கார் ஒன்றைச் செய்தார்கள். அதில் நான்கு சக்கரங்களும் எஞ்சினால் சுழன்றன. அந்தக் காலத்தில் இது பெரிய அதிசயம்!

1907-ல் சகோதரர்களில் ஒருவர் கப்பல் விபத்தில் மாண்டார். கம்பெனி கைமாறித் தள்ளாடியது. 1920-களில் மூடப்பட்டது.

கொல்லர் மகன்

அடுத்து வந்தவர் ஹப் வான் டோர்ன். கொல்லர் ஒருவரின் மகன். 1928-ல் ஐந்தோவன் நகரில் சிறு பட்டறை போட்டார். தம்பி விம் துணைக்கு வந்தார். இருவரும் லாரியின் பின்னால் இழுத்துச் செல்லும் வண்டிகளைச் செய்தார்கள். பிறகு லாரியே செய்தார்கள். அதுதான் 'டாப்' கம்பெனி.

1958-ல் அவர்களுடைய முதல் கார் மக்கள் முன் வந்தது. அதில் கியர் போட வேண்டியதில்லை. கிளட்ச் மிதிக்க வேண்டியதும் இல்லை. எப்படி?

மாவு மில்லில் பெல்ட் ஓடுவதைப் பார்த்திருப்போம். அந்த மாதிரி ரப்பர் பெல்ட்தான். ஆனால் கப்பிகள் புதுமையானவை. அவை தாமாகவே விரியும், குறுகும். அதனால் பெல்ட் கப்பியில் ஏறும், இறங்கும். வேகமும் இழுவையும் அதற்கேற்ப மாறும். ஓட்டுவது எளிது. பெண்களும் முதியவர்களும் விரும்பி வாங்கினார்கள். சிலர் கேலி செய்தார்கள். ஆனால் கார் ஓடியது!

சுரங்கத்துக்குப் பதில்

ஹாலந்தின் தெற்கே லிம்பர்க் மாகாணத்தில் நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்தன. அவற்றை மூடப்போவதாக 1965-ல் அரசாங்கம் அறிவித்தது. பல்லாயிரம் குடும்பங்களின் பிழைப்பு கேள்விக்குறியானது. அந்த மாகாணத்தில் போர்ன் என்ற ஊரில், அரசாங்க உதவியுடன் டாப் கார் தொழிற்சாலை எழுந்தது. சுரங்கத்தில் கரி வெட்டிய கைகள் கார் பூட்டக் கற்றுக்கொண்டன.

ஆனால் சின்ன நாட்டில் கார் வாங்குவோர் எத்தனை பேர்? புது மாதிரி கார் செய்யப் பெரும் பணம் வேண்டும். கொஞ்சம் கார் விற்று அந்தப் பணத்தை எடுக்க முடியுமா? முடியவில்லை. 1975-ல் கார் தொழில் ஸ்வீடன் நாட்டு வால்வோ கம்பெனியின் கைக்குப் போனது. பிறகு ஜப்பானின் மிட்சுபிஷி வந்தது. அதுவும் 2012-ல் விலகியது. அப்போது வி.டி.எல். என்ற ஹாலந்துக் கம்பெனி தொழிற்சாலையை வாங்கியது. விலை ஒரே ஒரு யூரோ! தொழிலாளரின் வேலையைக் காப்பாற்ற வேண்டும் என்பதே நிபந்தனை. 2014 முதல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனிக்காக அங்கே 'மினி' கார்கள் செய்யப்பட்டன. 2024 பிப்ரவரியில் அந்த வேலையும் நின்றது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேறு வேலை தேட வேண்டியதாயிற்று.

எது நிற்கும்?

தொழிற்சாலை மட்டும் இருந்தால் போதாது. ஆர்டர் கொடுப்பவர் அயலூரில் இருந்தால், சோறு போடும் கையும் அயலூரில்தான். அவர் கையை மடக்கினால் அடுப்பு அணையும். ஆகவே, தொழிற்சாலைக்கு உதவும் அரசாங்கம் கட்டடத்தை மட்டும் பார்க்கக் கூடாது. தொழிலாளிக்கு அடுத்த தொழிலையும் கற்றுக்கொடுக்க வேண்டும்.

ஆனால் வான் டோர்னின் யோசனை சாகவில்லை. ரப்பர் பெல்ட்டுக்குப் பதில் எஃகு பெல்ட்டை அவரே உருவாக்கினார். அவர் 1979-ல் காலமானார். பிறகு அந்த பெல்ட் பல நாட்டுக் கார்களில் ஏறியது. இன்று கோடிக்கணக்கான கார்கள் அதனால் ஓடுகின்றன.

கம்பெனி கைமாறும். பெயர்ப் பலகை மாறும். கற்ற தொழிலும் கண்டுபிடித்த அறிவும் நிற்கும். சின்ன நாட்டுக்கு அதுவே பெரிய சொத்து.