ஊர் புகுமுன் பள்ளி புகுக

நுழையும்முன்

புதியதோர் ஊரில் குடியேற நினைக்கும் குடும்பத்தின் முன் எழும் முதற்கேள்விகளுள் ஒன்று, "பிள்ளைகள் எங்கே படிப்பார்கள்?" என்பது. அக்கேள்விக்கு விடை தேடும் முறை, குடும்பத்தின் எதிர்காலத்தை மட்டுமன்று, குடியேறும் ஊரின் எதிர்காலத்தையும் உருவாக்குகிறது. சிற்றூரின் அரசுப் பள்ளியை எவ்வாறு மதிப்பிடுவது, மதிப்பிட்டபின் செய்ய வேண்டியது யாது என்பன குறித்துச் சிந்திக்கிறது இக்கட்டுரை.

ஓர் இடைச்சொல்லில் ஒரு தீர்ப்பு

சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூர், காரைக்குடி ஆகிய ஊர்களுக்கு அண்மையில் உள்ளது கண்டரமாணிக்கம். நகரத்தார் வாழ்ந்த செட்டிநாட்டு ஊர்களுள் அதுவும் ஒன்று. பர்மா, இலங்கை, மலாயா என்று கடல் கடந்து வணிகம் செய்தோரின் நிலம் இது. பின்னாளில் வேலை தேடியும் கல்வி தேடியும் சென்னை முதலிய நகரங்களுக்குச் சென்றோர் பலர். திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் மட்டுமே கதவு திறக்கும் வீடுகள் இப்பகுதி ஊர்களில் உண்டு. வீட்டிலிருந்தே பணிபுரியும் வாய்ப்புப் பெருகியுள்ள இந்நாளில், அவ்வீடுகளுள் ஒன்றைத் திறந்து நிலையாகக் குடியேற ஒரு குடும்பம் விரும்புவதாகக் கொள்வோம். மகன் மூன்றாம் வகுப்பிலும் மகள் ஒன்பதாம் வகுப்பிலும் படிக்கின்றனர்.

வீட்டைப் பார்ப்பதில் அக்குடும்பம் எக்குறையும் வைப்பதில்லை. கொத்தனாரை அழைத்து வந்து சுவரைத் தட்டிப் பார்க்கிறது. தேக்கு உத்திரத்தில் கறையான் ஏறியுள்ளதா, ஓட்டின் வழியே மழைநீர் ஒழுகுகிறதா, கோடையிலும் கிணற்றில் நீர் நிற்குமா என்றெல்லாம் ஆராய்கிறது. பள்ளியைப் பற்றிய முடிவோ ஒரே ஒரு தொலைபேசி அழைப்பில் நிகழ்ந்துவிடுகிறது. "அங்கே பள்ளி எப்படி?" என்று கேட்க, உறவினர் ஒருவர், "அரசுப் பள்ளிதான்" என்கிறார். அதற்குமேல் எவரும் எதுவும் கேட்பதில்லை.

'தான்' என்பது அழுத்தப்பொருளில் வரும் இடைச்சொல். தனித்து நின்று பொருள் தராத அச்சொல், இங்கே ஒரு பள்ளியின் மீதான முழுத் தீர்ப்பையும் சுமக்கிறது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது தமிழர் அறிந்த முதுமொழி. வீட்டுக்குக் காட்டிய அந்த விசாரணையைப் பள்ளிக்கும் காட்ட வேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தப்படும் முதற்கருத்து.

எண் காட்டுவதும் மறைப்பதும்

விசாரிக்க முற்படுவோர் பெரும்பாலும் தேர்ச்சி விழுக்காட்டையே முதலில் கேட்கின்றனர். அவ்வெண் பயனுடையதே, ஆயினும் சிற்றூர்ப் பள்ளியைப் பொறுத்தவரை அதனை நிதானத்துடன் படிக்க வேண்டும். 20 மாணவர்கள் தேர்வெழுதும் பள்ளியில் ஒருவர் தவறினால் தேர்ச்சி 95 விழுக்காடு. இருவர் தவறினால் 90 விழுக்காடு. 200 மாணவர்கள் எழுதும் நகரப் பள்ளியில் இருவர் தவறினாலும் தேர்ச்சி 99 விழுக்காடு. ஆகவே, ஓர் ஆண்டின் எண்ணைக் கொண்டு சிறிய பள்ளியை உயர்த்துவதும் தாழ்த்துவதும் பொருந்தா. ஐந்தாண்டு முடிவுகளைச் சேர்த்துப் பார்ப்பதே முறை.

மற்றொன்றும் உண்டு. 1966 ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான கோல்மன் அறிக்கை, மாணவரின் தேர்வு அடைவில் குடும்பப் பின்னணிக்குப் பெரும்பங்கு உண்டு என்று காட்டியது. படித்த பெற்றோரின் பிள்ளைகளை மட்டும் சேர்த்துக்கொள்ளும் பள்ளி பெறும் முழுத் தேர்ச்சியும், முதல் தலைமுறையாக எழுத்தறியும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளி பெறும் 90 விழுக்காடும் ஒரே துலாக்கோலில் நிறுக்கத்தக்கன அல்ல. பிள்ளை எங்கிருந்து தொடங்கினார், பள்ளி அவரை எவ்வளவு தொலைவு அழைத்துச் சென்றது என்பதே உண்மையான அளவு. தமிழ்நாட்டில் பொதுத்தேர்வுத் தரவரிசையை அறிவிக்கும் வழக்கம் 2017 ஆம் ஆண்டு கைவிடப்பட்டதை இங்கு நினைவுகூரலாம்.

கண்டறிய வேண்டியவை

அவ்வாறாயின் எதைப் பார்ப்பது? தலைமையாசிரியரின் இசைவு பெற்று, பள்ளி நடைபெறும் நாளொன்றில் நேரில் செல்வதே முதல் வழி. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதற்கேற்ப, சில சிறு குறிப்புகள் பள்ளியின் நிலையை உணர்த்திவிடும்.

நூலகத்தில் உள்ள நூல்களின் எண்ணிக்கையைவிட அவற்றின் ஓரங்களைக் காண வேண்டும். கை பட்டுத் தேய்ந்த நூல்கள், அங்கே படிப்போர் உளர் என்பதற்குச் சான்று. கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிய புதுநூல்கள் வேறொன்றைச் சொல்லும். கழிப்பறை இருக்கிறதா என்பதோடு, அதில் நீர் வருகிறதா, மாணவியர் தயக்கமின்றிப் பயன்படுத்துகின்றனரா என்றும் கேட்டறிய வேண்டும். பதின்பருவ மாணவியர் பள்ளிக்குத் தவறாது வருவதற்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

ஐந்தாம் வகுப்பு மாணவர், இரண்டாம் வகுப்பு அளவிலான ஒரு பத்தியைத் தடையின்றி வாசிக்கிறாரா என்பது எளியதோர் அளவுகோல். 2005 ஆம் ஆண்டு முதல் இந்தியச் சிற்றூர்களில் நடைபெற்று வரும் 'அசர்' கல்வி ஆய்வு, பிள்ளைகளின் வாசிப்புத் திறனை இத்தகைய பத்தியைக் கொண்டே அளக்கிறது. ஆயினும் புதிதாக வந்தவர் பிள்ளைகளை நிறுத்தித் தேர்வு நடத்துதல் தகாது. வகுப்பில் ஆசிரியர் வாசிக்கச் சொல்லும்போது கேட்டிருந்தாலே போதும்.

ஆசிரியர் பணியிடங்கள் எத்தனை, அவற்றுள் நிரம்பியவை எத்தனை, ஐந்தாம் வகுப்பு முடித்தோர் அனைவரும் ஆறாம் வகுப்பில் சேர்ந்தனரா, பத்தாம் வகுப்புக்குப்பின் படிப்பை நிறுத்தியோர் உளரா என்பன அடுத்த கேள்விகள். ஒன்பதாம் வகுப்பு மகளுக்கோ வேறொரு கேள்வி உண்டு. இரண்டாண்டுகளில் அவர் மேல்நிலைக் கல்விக்குச் செல்வார். அவர் விரும்பும் பாடப்பிரிவு எந்த ஊரில் உள்ளது, அப்பாடங்களுக்கு ஆசிரியர்கள் உளரா, மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்தபின் ஊர் திரும்பப் பேருந்து உண்டா என்பன இப்போதே அறியத்தக்கன. சத்துணவு சமைப்பவர், எதிர்க் கடைக்காரர், அப்பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் ஆகியோர் தரும் விடைகள் எந்த அறிக்கையிலும் காணக் கிடைக்காதவை.

தெரிந்து தெளிவோம்

2009 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட குழந்தைகளின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு உரியது. ஒரு பள்ளியிலிருந்து மற்றொரு பள்ளிக்கு மாறும்போது மாற்றுச் சான்றிதழை உடனே வழங்க வேண்டும் என்றும், அது வரத் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக்கூடாது என்றும் இச்சட்டம் கூறுகிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், உறுப்பினருள் பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும் என்பதும் இச்சட்டத்தின் விதியே.

ஐம்பத்தெட்டும் மூன்றும்

இதுவரை கூறியவை மதிப்பீட்டின் ஒரு பாதி. மறுபாதியைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. வீட்டை வாங்குவதாலோ விடுவதாலோ வீட்டின் சுவர் மாறுவதில்லை. பள்ளி அத்தகையதன்று, தேர்ந்தெடுப்போரின் முடிவே பள்ளியை மாற்றிவிடுகிறது.

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை மூன்று ஆசிரியர்கள். 58 பிள்ளைகள் பயிலும் ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். அங்கே ஐந்து வகுப்புகளையும் இரண்டு ஆசிரியர்களே நடத்த வேண்டும். ஒருவர் மூன்று வகுப்புப் பிள்ளைகளை ஒருங்கே அமர்த்திப் பாடம் சொல்ல நேரும். அவ்வூரில் குடியேறும் குடும்பங்களிலிருந்து மூன்று பிள்ளைகள் சேர்ந்தால் எண்ணிக்கை 61 ஆகும். மூன்றாம் ஆசிரியரைக் கோரும் தகுதி அப்பள்ளிக்குக் கிட்டும். அம்மூவரும் வேனில் ஏறி நகரப் பள்ளிக்குச் சென்றுவிட்டால், 58 பிள்ளைகளும் இரண்டு ஆசிரியரோடே இருப்பர். அடுத்த ஆண்டு, "ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள்" என்று கூறி வேறொரு குடும்பமும் விலகும். குறையைக் கண்டு விலகுதலே குறையை வளர்க்கும் காரணமாகிவிடுகிறது.

1964 முதல் 1966 வரை செயற்பட்ட கோத்தாரி கல்விக்குழு, ஒரு வட்டாரத்துப் பிள்ளைகள் அனைவரும் வேறுபாடின்றி ஒன்றாகப் பயிலும் அண்மைப்பள்ளி முறையைப் பரிந்துரைத்ததன் பொருள் இதுவே. குரல் உயர்த்திக் கேட்க வல்லோரின் பிள்ளைகளும் படிக்கும்போதுதான் பள்ளியின் குறைகள் விரைந்து தீரும்.

பிள்ளையைப் பணயம் வைக்கலாமா?

இதற்கொரு வலிய மறுப்பு உண்டு. "ஊரின் நன்மைக்காக என் பிள்ளையின் படிப்பைப் பணயம் வைக்க வேண்டுமா?" என்று பெற்றோர் கேட்பர். அக்கேள்வியில் நியாயம் உள்ளது. பிள்ளையின் பள்ளிப்பருவம் ஒருமுறையே வருவது. பாட ஆசிரியரே இல்லாத பள்ளியில், கொள்கைக்காக ஒரு மாணவியைச் சேர்த்துவிட்டு மனநிறைவு கொள்வது அறமாகாது. அந்நிலையில் பெற்றோர் வேறு பள்ளியை நாடினால் அவரைக் குறைகூற இயலாது.

ஆயினும், தீர விசாரித்து விலகுவது ஒன்று. 'தான்' என்னும் ஓர் இடைச்சொல்லைக் கேட்டு விலகுவது மற்றொன்று. குறைகளுள்ளும் வேறுபாடு உண்டு. வண்ணம் உதிர்ந்த சுவர், பழைய மேசை, ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் பிள்ளைகள் ஆகியவை விலகுதற்குரிய காரணங்கள் ஆகா. நிரம்பாத பணியிடமும் நீரில்லாக் கழிப்பறையும் மெய்யான குறைகள். அவற்றைப் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் கிராம சபையிலும் கேட்டுத் தீர்க்க வழி உண்டு. எதைப் பொறுக்கலாம், எதைக் கேட்டுப் பெறலாம், எதைப் பொறுக்கவே இயலாது என்று பகுத்தறிவதே மதிப்பீடு.

ஊர் தந்ததும் ஊருக்குத் தருவதும்

செட்டிநாட்டுக்கு இது புதிய பாடமன்று. வெளியூர் சென்று ஈட்டிய செல்வத்தைக் கல்விக்கு வழங்கிய மரபு இம்மண்ணுக்கு உண்டு. வள்ளல் அழகப்பர் 1947 இல் காரைக்குடியில் கல்லூரி நிறுவினார். மைய மின்வேதியியல் ஆய்வகம் அங்கு அமைவதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் அளித்தார். காமராசர் ஆட்சிக்காலத்தில், கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் சிற்றூர் மக்கள் இயன்றதை வழங்கினர். பள்ளிகள் கட்டடமும் இருக்கையும் பெற்றன. அன்று ஊர் கூடித் தேர் இழுத்தது.

இன்று கொடைக்கும் வழி உண்டு. 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' என்னும் திட்டம் 2022 இல் அதற்காகவே தொடங்கப்பட்டது. எனினும், ஊர் திரும்பும் குடும்பம் பள்ளிக்கு வழங்கத்தக்க பெருங்கொடை பொருளன்று; வகுப்பறையில் அமரும் தம் பிள்ளையும், மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அமரும் பெற்றோருமே ஆவர்.

ஆகவே, கண்டரமாணிக்கத்தில் குடியேற நினைக்கும் குடும்பம் வீட்டின் சாவியைப் பெறுமுன் பள்ளியின் வாயிலைக் கடக்கட்டும். கேட்கட்டும், காணட்டும், ஐயுறட்டும், தெளியட்டும். தெளிந்தபின் பிள்ளையைச் சேர்த்தால், அன்றோடு விசாரணையை நிறுத்தாமல் ஆண்டுதோறும் தொடரட்டும். ஒரு நாள் வேறொரு குடும்பம் தொலைபேசியில், "உங்கள் பிள்ளைகள் எங்கே படிக்கின்றனர்?" என்று கேட்கும். "எங்கள் ஊர் அரசுப் பள்ளியில்தான்" என்று அவர்கள் விடையளிக்கும்போது, அதே இடைச்சொல் பெருமிதத்தைச் சுமந்து நிற்கும்.