கையளவு நாய்க்குட்டிக்குக் கொடுக்கும் விலை: ‘டீ கப்’ மோகத்தின் மறுபக்கம்

மலாக்கா: தேநீர்க் கோப்பைக்குள் உட்கார்ந்து தலையை மட்டும் வெளியே நீட்டும் நாய்க்குட்டியின் காணொலியைக் கைப்பேசியில் பார்க்காதவர்கள் இன்று குறைவு. ‘டீ கப் பூடல்’, ‘டீ கப் பொமரேனியன்’, ‘மைக்ரோ யார்க்கி’ என்று பல பெயர்களில் இவை சமூக ஊடகங்களில் விற்பனைக்கு வருகின்றன. பிள்ளைகளின் பிறந்தநாள் பரிசாக இவற்றை வாங்கும் ஆசை ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, பூலாவ் செபாங் வட்டாரத் தாமான்களில் வாழும் நம்மவர்களையும் விட்டுவைக்கவில்லை.

கேட்கப்படும் விலை பெரும்பாலும் சில ஆயிரம் ரிங்கிட். 2025 பிப்ரவரியில் நாட்டின் குறைந்தபட்ச சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. அதோடு ஒப்பிட்டால், தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர் தம் இரண்டு, மூன்று மாத உழைப்பைக் கொடுத்துத்தான் இப்படியொரு குட்டியை வாங்க முடியும். அந்தப் பணத்துக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது?

அப்படி ஓர் இனமே இல்லை

‘டீ கப்’ என்பது நாய் இனத்தின் பெயர் அல்ல. அது வியாபாரிகள் வைத்த பெயர். நாய் இனங்களைப் பதிவு செய்யும் பெரிய சங்கங்கள் எதுவும் அதைத் தனி வகையாக ஏற்கவில்லை. சிவாவா நாய் 2.7 கிலோவைத் தாண்டக்கூடாது, பொமரேனியன் சுமார் 1.4 முதல் 3.2 கிலோ வரை இருக்கலாம் என்பது அமெரிக்கச் சங்கம் வகுத்துள்ள அளவு. இவை ஏற்கெனவே மிகச் சிறிய நாய்கள். அவற்றையும் சுருக்கி, ஒரு கிலோ, ஒன்றரை கிலோவில் நிறுத்த முயல்வதுதான் ‘டீ கப்’ வியாபாரம்.

நாய் சிறியதாக இருப்பது மட்டுமே நோய் ஆகாது. உடல் வளர்ச்சியைத் தூண்டும் ‘ஐஜிஎப்-1’ என்ற மரபணுவில் உள்ள மாறுபாடு சிறிய நாய்களில் பொதுவாகக் காணப்படுவதை 2007-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. ஆரோக்கியமான சிறிய நாய்கள் நிறையவே உண்டு. அந்த இயற்கையான எல்லைக்குக் கீழே உடலைக் கொண்டு போகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

அதற்குக் கையாளப்படும் வழிகள் மூன்று. ஓர் ஈற்றில் பிறந்த குட்டிகளில் ஆகச் சிறியதை, பெரும்பாலும் நோஞ்சானை, எடுத்து இன்னொரு நோஞ்சானோடு இணை சேர்ப்பது முதல் வழி. நெருங்கிய உறவுள்ள நாய்களையே மீண்டும் மீண்டும் இணைப்பது இரண்டாவது. குட்டிக்கு வயிறாரத் தீனி போடாமல் வளர்ச்சியைத் தடுப்பது மூன்றாவது. இவற்றோடு ஒரு பொய்யும் உண்டு. ஐந்து வாரக் குட்டியை மூன்று மாதக் குட்டி என்று சொல்லி விற்பார்கள். வாங்கியவர் அதன் உருவத்தைப் பார்த்து நம்பிவிடுவார்.

நல்ல முறையில் நாய் வளர்ப்பவர் பலவீனமான குட்டியை இனப்பெருக்கத்துக்கு விடமாட்டார். ‘டீ கப்’ சந்தையில் அந்தப் பலவீனமான குட்டிக்குத்தான் விலை அதிகம். இந்த வியாபாரத்தின் அடிப்படைக் கோளாறு இதுதான்.

உடலுக்குள் நடப்பது என்ன?

முதல் ஆபத்து இரத்தத்தில் சர்க்கரை குறைவது. மிகச் சிறிய குட்டியின் கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைக்க இடம் குறைவு. சில மணி நேரம் சாப்பிடாவிட்டாலே சோர்ந்து, தள்ளாடி, நடுங்கி, வலிப்பு வந்து இறந்துபோகலாம். இரவில் தூங்கப் போகும்போது நன்றாக இருந்த குட்டி காலையில் எழவில்லை என்றால், பின்னணியில் இது இருக்க வாய்ப்புண்டு.

அடுத்தது எலும்பு. இவற்றின் முன்னங்கால் எலும்பு மிகவும் மெல்லியது. சோபாவிலிருந்து குதித்தாலோ, பிள்ளையின் கையிலிருந்து நழுவினாலோ முறிந்துவிடும். முழங்கால் சில்லு இடம் விலகுவதும், மூச்சுக்குழாய் தளர்ந்து வாத்து கத்துவதுபோல் இருமுவதும் சிறிய இனங்களில் அடிக்கடி வரும் குறைகள். சில குட்டிகளுக்கு உச்சி எலும்பு மூடாமல் இருக்கும், சிலவற்றுக்கு மூளையில் நீர் தேங்கும். யார்க்‌ஷயர் டெரியர், மால்டீஸ் போன்றவற்றில் இரத்தம் கல்லீரலுக்குள் போகாமல் வேறு வழியாகச் செல்லும் பிறவிக் குறையும் காணப்படுகிறது.

நாய்க்கு நிரந்தரப் பற்கள் 42. பெரிய காவல் நாய்க்கும் அதே 42, கையளவு நாய்க்கும் அதே 42. சின்னத் தாடையில் அவை நெருக்கியடித்து முளைக்கும். பால் பல் விழாமல் நிற்கும், ஈறு சீழ் பிடிக்கும். பல்லைப் பிடுங்க மயக்க மருந்து கொடுத்தாக வேண்டும். இவ்வளவு சிறிய உடலுக்கு மயக்க மருந்தே தனி ஆபத்து. ஒரு நாயின் உடலில் ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 80 முதல் 90 மில்லிலிட்டர் இரத்தம்தான் இருக்கும். ஒரு கிலோ நாய்க்குச் சிறு அறுவையில் ஏற்படும் இரத்த இழப்புகூடப் பெரிய இழப்பு.

தோட்டத்தில் கூடுதல் ஆபத்து

தோட்டத்து வீடுகளில் நாய் புதிதல்ல. வாசலில் படுத்து வீட்டைக் காத்த நாட்டு நாய்க்கு மிஞ்சிய சோறே உணவு, மழையும் வெயிலும் அதற்குப் பழக்கம். அதே கண்ணோடு ‘டீ கப்’ குட்டியைப் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

செம்பனைத் தோட்டங்களில் எலியை ஒழிக்க விஷ வில்லைகள் வைக்கப்படுவது வழக்கம். பெரிய நாய் தாங்கக்கூடிய அளவு விஷம் ஒன்றரை கிலோ நாயைக் கொன்றுவிடும். நம் நாட்டில் பரவலாக இருக்கும் உண்ணிகள் இரத்தத்தை உறிஞ்சுவதோடு இரத்த நோய்களையும் பரப்புகின்றன. தோட்டங்களில் நடமாடும் மலைப்பாம்புக்கு இந்தக் குட்டி ஒரு வாய் இரை. அடர்ந்த முடியுள்ள பொமரேனியனுக்குப் பகல் வெயில் ஆகாது. அதே குட்டிக்கு இரவு முழுக்கக் குளிர்சாதனம் ஓடினால் உடல் சூடு சட்டென்று இறங்கிவிடும்.

தூரமும் ஒரு காரணம். ஆசாகானிலோ தெபோங்கிலோ நள்ளிரவில் வலிப்பு வந்தால், மலாக்கா நகரத்துக்குக் காரில் போகவே அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். சர்க்கரை குறைந்த குட்டிக்கு அந்த அரை மணி நேரம் மிக நீளமானது.

சட்டம் என்ன சொல்கிறது?

2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, விலங்குகளை வைத்துத் தொழில் நடத்துவோர் உரிமம் பெற வேண்டும். விலங்கைக் கொடுமைப்படுத்தியது உறுதியானால் 20,000 ரிங்கிட் முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்று ஆண்டுகள் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். வேண்டுமென்றே பட்டினி போடுவதும் கொடுமைதான். இந்தச் சட்டம் வாங்கியவருக்கும் பொருந்தும். தகுந்த உணவு, இடம், நோய்க்குச் சிகிச்சை ஆகியவற்றைத் தருவது உரிமையாளரின் கடமை.

எல்லை தாண்டிக் கடத்தி வரப்படும் குட்டிகளும் சந்தையில் கலக்கின்றன. தாய்லாந்திலிருந்து கிளந்தான் வழியாகக் கொண்டுவரப்படும் நாய், பூனைகள் பிடிபட்ட செய்திகள் அவ்வப்போது வெளிவருகின்றன. அனுமதி, பரிசோதனை, தடுப்பூசி எதுவுமின்றி வரும் குட்டியால் வெறிநாய்க்கடி நோய் அபாயமும் உண்டு. 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கிலும், 2017-இல் சரவாக்கிலும் அந்நோய் தலைதூக்கியதை மறக்கலாகாது.

ஏமாந்தவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘பொருள்’ என்ற சொல் விலங்குகளையும் உள்ளடக்கும். நோயுற்ற குட்டியைத் தெரிந்தே விற்ற வியாபாரி மீது பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் விற்றவரின் பெயர், முகவரி, இரசீது கையில் இருக்க வேண்டும். புலனத்தில் பேசி, முன்பணம் அனுப்பி, பெட்ரோல் நிலையத்தில் குட்டியைக் கைமாற்றிக் கொண்டவரிடம் இவற்றில் ஒன்றும் இருக்காது.

வாங்கும் முன், வாங்கிய பின்

நாய் வாங்கியே தீர வேண்டும் என்பவர்கள் குட்டியின் தாயை நேரில் பார்க்க வேண்டும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை வாங்கக்கூடாது. தடுப்பூசி அட்டையில் உள்ள மருத்துவமனையை அழைத்துச் சரிபார்க்க வேண்டும். தாயைக் காட்ட மறுப்பவரிடமும், “இது இதற்குமேல் வளராது” என்று உறுதி தருபவரிடமும் பணம் கொடுக்காமல் இருப்பது நல்லது. அந்தந்த ஊராட்சி மன்றத்தில் நாய் உரிம விதிகளையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் உணவை ஒரு நாளைக்கு நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம். கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை அணிவிக்கலாம். வாரம் ஒருமுறை எடை பார்ப்பது அவசியம். ஒரு கிலோ நாய் 100 கிராம் இளைத்தால் அது பத்தில் ஒரு பங்கு. குட்டி திடீரெனத் துவண்டால் தேனையோ சர்க்கரைப் பாகையோ ஈறில் தடவிவிட்டு உடனே மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். மயங்கிக் கிடக்கும் குட்டியின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

பிள்ளைகளுக்கு ஒரு துணை வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால், மலாக்காவிலேயே எஸ்பிசிஏ காப்பகத்தில் வீடு தேடிக் காத்திருக்கும் நாய்கள் இருக்கின்றன. அவற்றைத் தூக்கிக் கோப்பையில் வைத்துப் படம் எடுக்க முடியாது. ஆனால் பிள்ளைகளோடு ஓடும், விழுந்தாலும் எழும், வாசலில் யாராவது வந்தால் குரைக்கும்.