பிடிக்கும் கைகள்

பேசாப்படம் என்றதும் விழியை உருட்டிக் கையை வீசும் நடிப்பே நம் நினைவுக்கு வருகிறது. அத்தகைய படங்கள் இன்றைய பார்வையாளருக்கு ஏற்றவையல்ல என்பர் சிலர். நான் அவ்வாறு கருதவில்லை.

1925ஆம் ஆண்டு ஜெர்மனியில் டுபோன்ட் இயக்கிய ‘வரியேட்டே’ என்னும் படம் சிறையில் தொடங்குகிறது. கைதி ஒருவன் முதுகைக் காட்டி நிற்கிறான். முதுகில் 28 என்னும் எண். முகம் தெரியாமலே அவனது துயரத்தை அந்த முதுகால் உணர்த்திவிடுகிறார் நடிகர் எமில் ஜானிங்ஸ். மிகைநடிப்பு என்று இதனை எங்ஙனம் சொல்வது?

அந்தரத்தில் பார் விளையாடும் ஹுல்லர் என்பவனே அக்கைதி. மனைவியையும் குழந்தையையும் விட்டு, இளம்பெண் ஒருத்தியுடன் பெர்லின் செல்கிறான். அங்கு ஆர்டினெல்லி என்னும் புகழ்பெற்ற கலைஞன் இருவரையும் தன்னுடன் சேர்த்துக்கொள்கிறான். பின்னர் அப்பெண்ணைக் கவர்ந்துவிடுகிறான். ஹுல்லர் அதனை அறிந்த பின்னும் விளையாட்டு நடந்தாக வேண்டும். பறந்து வருபவன் ஆர்டினெல்லி. பிடிக்க வேண்டியவை ஹுல்லரின் கைகள். கார்ல் பிராய்ண்டின் ஒளிப்பதிவுக் கருவியும் உடன் ஊசலாட, கீழே அமர்ந்திருப்போரின் முகங்கள் சுழல்கின்றன. கை பிடிக்குமா, விடுமா?

பிடித்துவிடுகிறது. பழிதீர்ப்பதோ தரைக்கு வந்த பிறகுதான்.

நம் திரையுலகிலும் சர்க்கஸ் உண்டு. எஸ். எஸ். வாசனின் ‘சந்திரலேகா’ (1948) பேசும் படமே. எனினும் அதன் முரசு நடனத்தை விளக்க ஓர் உரையாடலும் வேண்டியதில்லை. அப்படத்தில் சர்க்கஸ் கூடாரம் நாயகிக்குப் புகலிடம். ஜெர்மானியப் படத்திலோ நம்பிக்கையின் சோதனைக்களம்.

தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களில் விடிய விடியப் பாரதக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு உடல்மொழியைக் கற்பிக்கத் தேவையில்லை. கடைசி வரிசையில் சாக்கு விரித்து அமர்ந்திருக்கும் பாட்டிக்கும் எட்ட வேண்டும் என்பதற்காகவே கூத்தர் அசைவைப் பெரிதாக்குகிறார். வகுப்பில் இப்படத்தைக் காட்டியபோது முதலில் சிரிப்பொலி எழுந்தது. பார்க் காட்சி வந்ததும் முன்வரிசை மாணவி ஒருத்தி பெஞ்சின் விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டாள்.

படம் முடிந்ததும் அவளே கேட்டாள்: “மனைவியைக் கைவிட்டு வந்தவன் துரோகத்திற்குத் தண்டனை தரலாமா, ஐயா?” கைவிடப்பட்டவளுக்கு இப்படம் போதிய இடம் தரவில்லை என்பதே என் எண்ணமும். அதனை ஒப்புக்கொண்டேன். மறுநாள் அக்காட்சியை மட்டும் மீண்டும் போடச் சொன்னவளும் அவள்தான்.