தாய் இருக்க அநாதையா?

சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் ஒரு காட்சி அடிக்கடி வருகிறது. கொரியாவில் பிறந்து, அமெரிக்காவிலோ பிரான்சிலோ தத்துப் பிள்ளையாக வளர்ந்தவள் பெற்ற தாயைத் தேடி வருகிறாள். இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். பார்ப்பவர்களும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

இவர்களைப் பிரித்தது யார்? பெரும்பாலும் அந்தப் படங்கள் இதைக் கேட்பதில்லை. நாம் கேட்கிறோம்.

கொரிய யுத்தம் 1953-ல் ஓய்ந்தது. அதன்பின் தென் கொரியாவிலிருந்து சுமார் 2 லட்சம் குழந்தைகள் அந்நிய நாடுகளுக்குத் தத்துப் போயினர். யுத்த அநாதைகள் என்றார்கள். 1985-ல் மட்டும் 8,000-க்கு மேல் போனார்களே, அதுவும் யுத்தத்தாலா?

இல்லை, வறுமையால். பெற்றவர்களில் பலர் மணமாகாத ஏழைப் பெண்கள், ஆலைத் தொழிலாளிகள். அவர்களுக்கு உதவுவதைவிடப் பிள்ளையை அனுப்பிவிடுவது சர்க்காருக்குச் செலவு மிச்சம். தத்து நிறுவனங்களுக்கோ கட்டணம் வரும்படி. தாய் உயிரோடிருக்க, காகிதத்தில் பிள்ளை அநாதையாயிற்று. 1966-ல் அமெரிக்கா சென்ற டீன் போர்ஷே லீம், வேறொரு சிறுமியின் பெயரில் அனுப்பப்பட்டவர். அவருக்குத் தாய் இருந்தார். 2000-ல் அவரே இதைப் படமாக எடுத்து உலகுக்குச் சொன்னார்.

பொய்ப் பதிவுகளும் ஆள்மாற்றமும் நடந்தன, பொறுப்பு அரசாங்கத்துக்கு உண்டு என்று 2025 மார்ச்சில் அந்நாட்டின் உண்மை ஆணையமே கூறிவிட்டது. அக்டோபரில் ஜனாதிபதி லீ ஜே மியுங் மன்னிப்புக் கேட்டார்.

வாய் மன்னிப்பு போதாது. தாயின் பெயரும் தன் பெயரும் அறிவது பிள்ளையின் உரிமை. கண்ணீரைக் காட்டும் சினிமா, அந்தக் கண்ணீரில் காசு பார்த்தவர்களையும் காட்டட்டும்!