கிருமி என்னும் ஒரு சொல்

உருவிற் சிறியன யாவும் ஒரு குலத்தனவே என்று கருதுவது மக்கள் இயல்பு. கண்ணுக்குப் புலனாகாத உயிர்கள் அனைத்தையும் 'கிருமி' என்னும் ஒரே சொல்லால் நாம் வழங்கி வருகின்றோம். வடமொழியிற் புழுவைக் குறிக்கும் இச்சொல், தமிழ் வழக்கில் நுண்ணுயிர் யாவற்றிற்கும் பொதுப்பெயராய் அமைந்துவிட்டது. பொதுப்பெயர் வேண்டுவதே, ஆயினும், அது பொருள்களின் வேற்றுமையை மறைக்குமாயின், அதனால் விளையும் தீங்கு சிறிதன்று. ஈஸ்டு, பாக்டீரியா என்னும் இரண்டையும் கொண்டு இதனை ஆராய்வோம்.

ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரில் துணி வாணிகம் செய்துவந்த லீவன்ஹூக் என்பார், தாமே செய்த கண்ணாடிகளின் வாயிலாக 1676-ஆம் ஆண்டில் நீரிலே பாக்டீரியாவையும், 1680-இல் பீர் மதுவிலே ஈஸ்டின் உருண்டைகளையும் கண்டார். எனினும், இவற்றின் தொழில் விளங்க ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் சென்றன. 1856-இல் பிரான்சு நாட்டு லீல் நகரில் பீட்கிழங்குச் சாற்றிலிருந்து சாராயம் வடிப்போர் ஒருவர், தம் தொழிலில் நேர்ந்த கேட்டினைப் பாஸ்டர் என்னும் பேரறிஞரிடம் முறையிட்டார். பாஸ்டர் நொதித்தலை ஆராய்ந்து, பாலைப் புளிக்கச் செய்யும் உயிர், மதுவை விளைக்கும் ஈஸ்டின் வேறானது என்பதை 1857-இல் வெளியிட்டார்.

இவை எவ்வாற்றான் வேறுபடுகின்றன? ஒரு மில்லிமீட்டரை ஆயிரங் கூறாக்கினால், ஈஸ்டு ஐந்து முதல் பத்துக் கூறு அளவினது; பாக்டீரியாவோ பெரும்பாலும் ஒன்று முதல் ஐந்து கூறு நீளமே உடையது. ஆனால், அளவு பற்றிய வேற்றுமை புறத்தது; அகத்ததே பெரிது. ஈஸ்டு பூஞ்சணக் குலத்தைச் சேர்ந்தது. அதன் உடலகத்தே சவ்வினாற் சூழப்பெற்ற உட்கரு உண்டு. ரொட்டி ஈஸ்டின் உட்கருவிற் பதினாறு குரோமோசோம்கள் உள. பாக்டீரியாவுக்கு உட்கரு இல்லை. அதன் மரபுப்பொருள் பெரும்பாலும் ஒரே வளையமாய்க் கிடக்கும். ரொட்டி ஈஸ்டு செடிபோல் அரும்பி இனம் பெருக்கும். பாக்டீரியா இரண்டாய்ப் பிளந்து பெருகும்.

உட்கரு நமது உடலணுக்களிலும் உண்டு. ஆகவே, உடலணுவின் அமைப்பை நோக்குமிடத்து, ஈஸ்டு பாக்டீரியாவுக்கு உறவன்று, நமக்கே உறவாகும்! உடலணு பிரியும் முறையை ஈஸ்டில் ஆராய்ந்து கண்டவை மனிதனுக்கும் பொருந்தின. அதனாலன்றோ ஹார்ட்வெல், நர்ஸ் என்னும் அறிஞர்களுக்கு, ஹன்ட் என்பாரோடு, 2001-இல் நோபெல் பரிசு கிடைத்தது?

"இரண்டும் மாவைப் பொங்கச் செய்கின்றன, வேற்றுமை அறிந்து பயன் என்னை?" என்று சிலர் வினவலாம். உண்மையே. இட்லி மாவைப் புளிக்கவும் பொங்கவும் செய்வதிற் பாக்டீரியாவே முதன்மையானது. கள் வார்த்த ஆப்ப மாவை உப்பச் செய்வது ஈஸ்டு. இரண்டும் வெளியிடுவது கரியமிலவாயுவே. அடுப்படியில் இவ்வேற்றுமையை அறியாதிருப்பினும் உணவு கெடாது. ஆனால், நோயாளியின் படுக்கையருகே அவ்வறியாமை பெருங் கேடாம்.

1928-இல் ஃபிளெமிங் கண்ட பெனிசிலின், பாக்டீரியா தன் உடற்சுவரைக் கட்டவொட்டாது தடுத்து அதனை அழிப்பது. அத்தகைய சுவர் ஈஸ்டுக்கு இல்லாமையால், அம்மருந்து அதனை ஒன்றும் செய்யாது. அதுவுமன்றி, நம் உடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்கள் கான்டிடா என்னும் ஈஸ்டினை அடக்கி வைக்கின்றன. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தை மிகுதியாய் உண்டால், காவலரை இழந்த நகர்போல் உடல் அவ்வீஸ்டுக்கு இடங்கொடுத்து, வாயில் வெண்படலம் படரக்கூடும். இதற்கு மருந்து வேறு: ஹேசன், பிரௌன் என்னும் அமெரிக்கப் பெண்மணிகள் இருவர் 1950-இல் வெளியிட்ட நிஸ்டாட்டின் அவற்றுள் ஒன்று. பூஞ்சணத்தைக் கொல்லும் மருந்துகள் சிலவேயாய் இருத்தற்குக் காரணமும் மேற்கூறிய உறவே. உறவினனைத் தாக்கும் படை நம்மையும் தாக்குமன்றோ?

இங்ஙனமாகவும், மருந்துக் கடையிற் சென்று "கிருமிக்கு மருந்து தருக" என்று கேட்பார் பலர். எக்கிருமி என்று கேட்க அவர்க்குச் சொல் இல்லை. சொல் இல்லாமையின் எண்ணமும் இல்லை. வேண்டாத மருந்தை உண்ண உண்ண, பாக்டீரியா அம்மருந்தை வெல்லும் வலிமை பெறுகின்றது. நாளை உண்மையாகவே அது வேண்டப்படுங்கால் பயன்படாது போம்.

உயிர்களை அறிவின் வகையால் ஆறாகப் பகுத்த தொல்காப்பியத்தையுடைய மொழி நம்முடையது. பகுத்துப் பெயரிடுதல் தமிழர்க்குப் புதிதன்று. ஆதலின், பள்ளி நூல்களும் பத்திரிகைகளும் 'கிருமி' என்று பொதுப்படக் கூறி அமையாது, பாக்டீரியாவைப் பாக்டீரியா என்றும், ஈஸ்டைப் பூஞ்சண இனத்து ஈஸ்டு என்றும் பிரித்து வழங்குதல் வேண்டும் என்பதே நமது கருத்து. பிறமொழிச் சொல்லாயினும் ஆகுக. தெளிவு தருஞ் சொல்லே நற்சொல். தமிழ் பயிலும் மாணவராகிய நாம், இத்தொண்டினை அறிவியல் மாணவர்க்கே உரியதென்று விட்டுவிடுதல் தகாது.